ரத்தத்தில் தெரியாத நோய்

சூசன்னா கஹாலன், 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழின் நிருபர். 2009-ல் அவருக்கு வயது 24. வீட்டில் மூட்டைப்பூச்சி புகுந்துவிட்டது என்ற பயத்தில்தான் எல்லாம் தொடங்கியது. அப்படி எதுவும் இல்லை என்று மற்றவர்கள் சொன்னாலும் அவர் நம்பவில்லை. பிறகு உடம்பின் இடது பக்கம் மரத்துப்போனது. தூக்கம் போனது. அலுவலகத்தில் திடீரென்று அழுதார். சற்று நேரத்தில் காரணமே இல்லாமல் குதூகலித்தார். ஒருநாள் வலிப்பு வந்தது. ஓடும் காரிலிருந்து குதிக்கப் பார்த்தார். பெற்ற தந்தையையே கொலைகாரர் என்று நம்பத் தொடங்கினார்.

குடியும் வேலைப்பளுவும்தான் காரணம் என்றார் ஒரு மருத்துவர். இது பைபோலார் என்றார் இன்னொருவர். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று வரிசையாக எடுத்தும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. மனநலப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில்தான் சூஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் வந்தார். சூசன்னாவின் கையில் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார்.

சூசன்னா வட்டம் போட்டார். எண்களையும் எழுதினார். ஆனால் 1 முதல் 12 வரை அத்தனை எண்களும் வட்டத்தின் வலது பாதிக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. இடது பாதி வெறுமையாகக் கிடந்தது. இடப்பக்க உலகத்தையே அவருடைய மூளை கவனிக்கவில்லை என்றால், மூளையின் வலது பாதியில் ஏதோ கோளாறு. நஜ்ஜாருக்குப் பொறி தட்டியது. மூளையிலிருந்து துளி திசுவை எடுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. சூசன்னாவின் நோய் எதிர்ப்புச் சக்தியே அவருடைய மூளையைத் தாக்கி அழற்சியை உண்டாக்கியிருந்தது. ஜோசப் டால்மவ் என்ற மருத்துவரின் குழு 2007-ல்தான் இந்த நோயை அடையாளம் கண்டு பெயரிட்டிருந்தது: என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சி. ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் என்று சிகிச்சைகள் தொடர்ந்தன. மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறி, சூசன்னா மீண்டும் வேலைக்குப் போனார். 2012-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. பின்னாளில் ஒரு மருத்துவமனைக்குப் பேசப் போன சூசன்னா, அதே நோய் வந்த இன்னோர் இளம்பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு வந்தது மனச்சிதைவு என்றே 2 ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். உண்மையான நோய் தெரிந்தபோது மூளைக்கு மீளாத சேதம் ஏற்பட்டுவிட்டது. ஒரே நோய், இரண்டு பெண்கள். ஒருவர் எழுத்தாளர் ஆனார்; இன்னொருவரால் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பவே முடியவில்லை.

ஏன் இத்தனை சிக்கல்?

டெங்குவா, டைஃபாய்டா என்ற சந்தேகத்தை ஒரு குப்பி ரத்தம் தீர்த்துவிடும். சர்க்கரையின் அளவை எண்ணிலேயே சொல்லிவிடலாம். மனச்சிதைவுக்கோ, மனச்சோர்வுக்கோ, பைபோலார் எனப்படும் இருதுருவ நோய்க்கோ அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை இல்லை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் வேறு நோய் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்குத்தான். மற்றபடி, நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, மருத்துவர் தன் கண்ணால் பார்ப்பது இந்த மூன்றை வைத்துத்தான் முடிவு.

உடல்ரீதியான காரணம் பிடிபட்டுவிட்டால் அந்த நோய் மனநல மருத்துவத்தின் கையை விட்டே போய்விடுவதும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய, அமெரிக்க மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களில் கணிசமானோர், தங்களைப் பேரரசர் என்றும் கோடீஸ்வரர் என்றும் நம்பி, பிறகு நினைவும் நடையும் தளர்ந்து இறந்துபோனார்கள். 1913-ல் நொகுச்சி, மூர் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படி இறந்தவர்களின் மூளையில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு பெனிசிலின் வந்தது. காப்பகங்களை நிறைத்திருந்த அந்தப் 'பைத்தியம்' ஏறக்குறைய மறைந்தேபோனது. காரணம் பிடிபடாமல் எஞ்சி நிற்கும் நோய்கள்தான் இன்று மனநல மருத்துவரின் முன்னால் இருக்கின்றன. அந்தத் துறையைக் குறைசொல்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

உள்ளே போன எட்டுப் பேர்

குறை சொன்னவர்களில் மிகவும் புகழ்பெற்றவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் ரோசன்ஹான். 1973 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை ஒன்று வெளியானது. மனநோய் எதுவும் இல்லாத எட்டுப் பேர், ரோசன்ஹானும் அதில் ஒருவர், அமெரிக்காவின் 12 மருத்துவமனைகளுக்குப் போய், காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று சொன்னார்கள். தெளிவில்லாத குரல், 'வெறுமை', 'உள்ளீடில்லை', 'தொப்' என்பதுபோல் கேட்கிறது என்றார்கள். பெயர், வேலை ஆகியவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னதாகக் கட்டுரை கூறியது. அத்தனை இடங்களிலும் அவர்களை உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஓர் இடத்தைத் தவிர எல்லா இடங்களிலும் மனச்சிதைவு என்று எழுதினார்கள்.

உள்ளே போனதும் குரல் நின்றுவிட்டது என்று சொல்லி, அவர்கள் இயல்பாக நடந்துகொண்டார்கள். ஆனாலும் வெளியே வர 7 முதல் 52 நாட்கள் வரை ஆயின. சராசரி 19 நாட்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததையே நோயின் அறிகுறிபோல் செவிலியர் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். போலிகளைச் சந்தேகப்பட்டவர்கள் யார் தெரியுமா? சக நோயாளிகள். முதல் மூன்று முறையில் மட்டும், வார்டில் இருந்த 118 நோயாளிகளில் 35 பேர், இவர் நோயாளி இல்லை, பத்திரிகைக்காரரோ பேராசிரியரோ என்று சந்தேகத்தை வெளியே சொன்னார்கள்.

இன்னொரு மருத்துவமனை, எங்களை ஏமாற்ற முடியாது என்றது. அடுத்த மூன்று மாதங்களில் போலி நோயாளிகளை அனுப்புகிறேன், கண்டுபிடியுங்கள் என்றார் ரோசன்ஹான். வந்த 193 பேரில் 41 பேரை நிச்சயமாகப் போலி என்று ஊழியர்களில் ஒருவராவது முத்திரை குத்தினார். ரோசன்ஹான் ஒருவரைக்கூட அனுப்பவில்லை என்கிறது கட்டுரை.

அமெரிக்க மனநல மருத்துவம் ஆடிப்போனது. மறுப்புகளும் வந்தன. வயிறு நிறைய ரத்தத்தைக் குடித்துவிட்டு, அவசரச் சிகிச்சைப் பிரிவில் வந்து வாந்தியெடுத்தால், குடல்புண் என்றுதானே மருத்துவர் நினைப்பார்? அதற்காகக் குடல்புண்ணைக் கண்டறியவே தெரியாது என்று சொல்ல முடியுமா? இப்படிக் கேட்டார் சீமோர் கெட்டி என்ற மனநல ஆராய்ச்சியாளர்.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. தவறான பெயரோடு மனநலப் பிரிவுக்குள் போய்விட இருந்த அதே சூசன்னா கஹாலன், பல ஆண்டுகள் கழித்து ரோசன்ஹானின் ஆய்வைத் தோண்டத் தொடங்கினார். 2019-ல் வெளியான அவருடைய இரண்டாவது புத்தகம் அதைப் பற்றியதுதான். 2012-ல் இறந்துபோன ரோசன்ஹானின் கோப்புகள் அவருக்குக் கிடைத்தன. மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்ததும் கட்டுரையில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. தெளிவில்லாத குரல் கேட்கிறது என்பதோடு ரோசன்ஹான் நிறுத்தியிருக்கவில்லை. சத்தம் தாங்காமல் காதில் செம்புப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டதாகவும், தற்கொலை எண்ணம் இருப்பதாகவும் சொல்லியிருந்தார். அப்படி ஒருவர் வந்து நின்றால் எந்த மருத்துவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்? அது மட்டுமல்ல, மருத்துவமனை அனுபவம் நன்றாக இருந்தது என்று சொன்ன ஹாரி லாண்டோ என்பவரை ரோசன்ஹான் ஆய்விலிருந்தே நீக்கியிருந்தார். மற்றவர்களில் பலரை, எவ்வளவு தேடியும், கஹாலனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, அந்த ஆய்வை இன்று ஆதாரமாக நீட்ட முடியாது. ஆனால் அது எழுப்பிய கேள்வி ரோசன்ஹானோடு முடிந்துவிடவில்லை. நேர்மையாக நடந்த வேறோர் ஆய்வும் அதே காலத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டது. லண்டன், நியூயார்க் மனநல மருத்துவமனைகளை ஒப்பிட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 1972-ல் வெளியாயின. மனச்சிதைவு என்ற பெயரை நியூயார்க் மருத்துவர்கள் லண்டன்காரர்களைவிட மிக அதிகமாகப் பயன்படுத்தினார்கள். எல்லா நோயாளிகளையும் ஆய்வுக் குழுவினரே ஒரே அளவுகோலை வைத்துப் பரிசோதித்தபோது, அந்த வித்தியாசம் பெருமளவு காணாமல்போனது. அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஒரு மனிதனின் நோயே மாறிவிடும் என்றால், கோளாறு நோயாளியிடம் இல்லை.

ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர் இதைச் சரிசெய்ய முனைந்தார். அவர் தலைமையில் 1980-ல் வந்த டிஎஸ்எம்-3 கையேடு, ஒவ்வொரு நோய்க்கும் என்னென்ன அறிகுறிகள், எத்தனை, எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 2013-ல் வந்த டிஎஸ்எம்-5-இன் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பும் 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது.

வரையறை வந்துவிட்டால் எல்லா மருத்துவர்களும் ஒரே முடிவுக்கு வருவார்களா? டிஎஸ்எம்-5 வெளிவருவதற்கு முன், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று சோதித்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1, குருட்டாம்போக்கில் ஒத்துப்போனால் 0 என்று மதிப்பெண். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் 0.67 வாங்கியது. மனச்சிதைவுக்கு 0.46. மிகவும் பரவலாக இருக்கும் மனச்சோர்வுக்குக் கிடைத்ததோ வெறும் 0.28. கையேடு ஒரு வழிகாட்டிதான். அதைக் கையில் வைத்திருப்பவருக்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவின் தரம் அமையும்.

அந்த அறைக்குள்

தமிழ்நாட்டில் மனச்சோர்வு உள்ள ஒருவர் மருத்துவரிடம் வந்தால், "டாக்டர், எனக்கு மனசு சரியில்லை" என்று தொடங்குவது அபூர்வம். தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, கை காலெல்லாம் அசதி, சோறு இறங்கலை, விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. இப்படித்தான் தொடங்குவார். ஈசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் முடித்து, ஒன்றுமில்லை என்று நாலு இடத்தில் சொன்ன பிறகுதான் பலர் மனநல மருத்துவரிடம் வந்து சேருகிறார்கள். ஒன்றுமில்லை என்ற அந்த வார்த்தையே அவர்களை இன்னும் நோகடித்திருக்கும்.

மனச்சோர்வு என்று சொல்ல, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறக்குறைய தினமும், ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று சோகமாகவோ, எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும் என்கிறது டிஎஸ்எம். அதை வைத்துக்கொண்டு டிக் அடித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அதே அசதி, அதே மந்தம். பி12 வைட்டமின் குறைந்தாலும் அப்படியே. சில மாத்திரைகளும் குடியும்கூட அதே கோலத்தைக் காட்டும். இவற்றையெல்லாம் பார்த்துக் கழிக்க வேண்டும்.

பிறகு ஒரு முக்கியமான கேள்வி: இதற்கு முன் எப்போதாவது, தூக்கமே இல்லாவிட்டாலும் களைப்பே தெரியாமல், பணத்தை வாரி இறைத்து, ஊரையே விலைக்கு வாங்கிவிடலாம் என்ற நினைப்பில் சில நாட்கள் இருந்ததுண்டா? இதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது நோயே இல்லை. வாழ்க்கையின் நல்ல காலம். மனைவியோ அம்மாவோதான் சொல்வார்கள். அந்தப் பதில் ஆம் என்றால் நோயின் பெயரே மாறுகிறது. அது மனச்சோர்வு அல்ல, இருதுருவ நோய். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது வெறிநிலையைத் தூண்டிவிடும். கேட்கத் தவறிய ஒரே ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தைப் புரட்டிப்போட்டுவிடும்.

கேள்விகளுக்கு நடுவே மருத்துவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். உட்கார்ந்திருக்கும் விதம், உடை, பேச்சின் வேகம், சொல்வதற்கும் முகத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதெல்லாம் அவர் கணக்கில் சேரும். இன்று என்ன கிழமை என்று கேட்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். தெரிந்த பழமொழி ஒன்றுக்குப் பொருள் கேட்பார். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றால் என்ன? பெரிய ஆளும் தவறு செய்யலாம் என்பது ஒரு பதில். யானை வழுக்கி விழும், அதனால் சேற்றில் நடக்கக்கூடாது என்பது வேறொரு பதில். இரண்டாவது பதிலை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. படிப்பு, வளர்ந்த சூழல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் முன்பு சரளமாகப் பேசியவர் இப்போது இப்படிச் சொன்னால், அது ஒரு தடயம்.

காலத்துக்கும் இதில் பங்குண்டு. மனச்சிதைவு என்று சொல்ல, ஐசிடி-யின்படி ஒரு மாதமாவது அறிகுறிகள் இருக்க வேண்டும். டிஎஸ்எம்-படி, தொந்தரவு தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே நோயின் பெயரை மருத்துவர் உறுதியாகச் சொல்லாவிட்டால், அவருக்குத் தெரியவில்லை என்று எண்ணிவிடுகிறோம். பல சமயம் அது நல்ல மருத்துவரின் அடையாளம்.

சென்னையில் கேட்ட குரல்கள்

மருத்துவர் கேட்கும் கேள்விக்கும் நோயாளி சொல்லும் பதிலுக்கும் இடையே ஊரும் வளர்ப்பும் வந்து நிற்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் மானுடவியல் பேராசிரியர் தான்யா லூர்மன், சென்னையில் உள்ள 'ஸ்கார்ஃப்' என்ற மனநல அமைப்பின் மருத்துவர்களோடும் மற்றவர்களோடும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். அமெரிக்காவின் சான் மடேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும், குரல் கேட்கும் மனநோயாளிகள் தலா 20 பேரிடம், அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள்.

அமெரிக்கர்களில் பலர் வெட்டு, குத்து, சித்திரவதை என்று கொடூரமான குரல்களைச் சொன்னார்கள். தங்கள் நோயின் பெயரையும் மருத்துவர் பாணியில் சொன்னார்கள். அக்ராவில் கடவுளின் குரல் அதிகம். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது அம்மா, மாமியார், அக்கா போன்ற உறவினர்களின் குரல். சமையல் செய், குளி, வீட்டைப் பார் என்று அவை வேலை ஏவின; அதட்டின, அறிவுரையும் சொல்லின. 'குரல் கேட்கிறதா' என்ற ஒற்றைக் கேள்விக்கு மூன்று ஊரிலும் ஆம் என்றுதான் பதில். ஆனால் அந்தக் குரலோடு அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை மூன்று விதம்.

ஸ்கார்ஃப் அமைப்பை 1984-ல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை ஏறத்தாழ 17 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊரே கிண்டல் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே இருந்தவர்கள் வெளியே வந்து வேலை செய்து வாழ முடியும் என்று காட்டத் தன் வாழ்நாளையே செலவிட்டார். 2021 டிசம்பரில், 98-ஆவது வயதில் காலமானார்.

நோய் அல்லாததற்கும் பெயர்

இருக்கும் நோயைத் தவறவிடுவது ஓர் ஆபத்து. இல்லாத நோயைச் சூட்டுவது இன்னொன்று. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், பண்ணையிலிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலை வேட்கை அவருக்கு வியாதியாகத் தெரிந்தது. தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-ல். உலகச் சுகாதார நிறுவனம் நீக்கியது 1990-ல். அதன் பிறகும் 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று சொல்லி நம் ஊரிலேயே பலர் சிகிச்சை நடத்தினார்கள். 2021 ஜூனில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதற்குத் தடை விதித்து உத்தரவிட்டார்.

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, இந்த வரலாற்றைப் படித்துவிட்டு எழுதப்பட்டதுபோலவே இருக்கிறது. ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்படி மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. சாதி, மதம், அரசியல், பணவசதி எதுவும் காரணமாகக் கூடாது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதும் காரணமாகக் கூடாது. முன்பு எப்போதோ மனநல மருத்துவமனையில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக இன்றும் அவர் நோயாளி என்று சொல்லவும் முடியாது. சொத்துத் தகராறிலும் விவாகரத்து வழக்கிலும் 'மெண்டல்' என்ற சொல் எவ்வளவு எளிதாக வீசப்படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை புரியும்.

ஆனால் சட்டம் வந்து சேருவதற்குள் நாம் கொடுத்த விலை பெரியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் அவர்கள். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஏர்வாடியிலேயே இப்போது 'தவா-துவா' என்ற திட்டத்தில், பிரார்த்தனைக்கு வருபவர்களை அரசு மருத்துவர்களும் பார்க்கிறார்கள். நம்பிக்கையைக் கேலி செய்யாமல் மருந்தையும் கொண்டுசேர்க்கும் இந்த வழி, நூறு விழிப்புணர்வுப் பேரணிகளைவிடப் பயனுள்ளது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோயைப் பொறுத்து, 70 சதவிகிதத்திலிருந்து 90-க்கும் மேல் வரை போனது. தவறான பெயர் சூட்டப்பட்டவர்களைவிட, எந்த மருத்துவரையும் பார்க்காமலேயே இருப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

முதன்முறையாகப் போகிறவர்கள் சிலவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. தொந்தரவு எப்போது தொடங்கியது, அதற்கு முன் ஆள் எப்படி இருந்தார், தூக்கம் எவ்வளவு, வேறு என்ன மாத்திரைகள், குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, வலிப்போ காய்ச்சலோ வந்ததுண்டா, தலையில் அடி பட்டதுண்டா. உடன் வாழ்கிற ஒருவரையும் அழைத்துப் போக வேண்டும். நோயாளி தனியாகப் பேசவும் நேரம் கேட்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் திருப்பிக் கேட்கவும் தயங்க வேண்டியதில்லை. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? வேறு என்னவாக இருக்கக்கூடும்? எப்போது மறுபடி பார்த்து உறுதி செய்வீர்கள்? நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் மருந்தின் பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு. தன் மருத்துவப் பதிவேட்டின் அடிப்படை விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 25-ஆம் பிரிவு தருகிறது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது அந்தப் பதிவேட்டின் நகல் கையில் இருந்தால், புதியவர் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.